உதவி பெற்ற நண்பர் விலகிப் போவது ஏன்?

கேள்வி:

எனக்கு வயது 56. நானும் என் நண்பரும் 30 ஆண்டுகளாகப் பழகி வருகிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய தொழில் நொடித்துப்போனது. அதே சமயத்தில் அவருடைய மனைவியும் நோயில் விழுந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பணத்தாலும் உழைப்பாலும் அவருக்குத் துணையாக நின்றேன். மருத்துவமனைக்கு அலைந்ததும், கடன்காரர்களிடம் பேசியதும், பிள்ளையின் படிப்புக் கட்டணத்தைக் கட்டியதும் நான்தான். கொடுத்ததை நான் கேட்டதே இல்லை. நிலைமை சீரான பிறகு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு வந்தார். 'நமக்குள் என்ன கணக்கு' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு மெல்ல மெல்ல விலகிவிட்டார். தொலைபேசியில் அழைத்தால் இரண்டு வார்த்தை, நேரில் பார்த்தால் அவசரம். மூன்று மாதங்களுக்கு முன் எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாழ்நாளில் யாரிடமும் எதற்கும் கை நீட்டியவன் இல்லை. அறுவை சிகிச்சையைக்கூட யாரிடமும் சொல்லித் தொந்தரவு செய்யவில்லை. 'ஊருக்கு உழைத்து என்ன கண்டீர்கள்?' என்று வீட்டில் கேட்கிறார்கள். பிறருக்கு உதவுவதில் உண்மையில் ஏதாவது மதிப்பு இருக்கிறதா? இனி யாருக்கும் எதுவும் செய்வதில்லை என்று முடிவெடுத்தால் அது தவறா?

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிறருக்கு உதவுவதற்கு மதிப்பு உண்டா என்பது ஒன்று. உதவி பெற்ற நண்பர் ஏன் விலகிப்போனார் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை கிடைக்காத வேதனையில், முதலாவதற்கு 'இல்லை' என்று நீங்களே விடை எழுதிக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள். அவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொள்வோம். கடனில் மூழ்கவிருந்த ஒரு குடும்பம் தப்பியது. ஒரு நோயாளியின் சிகிச்சை தடைபடாமல் நடந்தது. ஒரு பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றுபோகவில்லை. இவை நடந்து முடிந்தவை. உங்கள் நண்பர் இன்று உங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், ஓடிவந்து கட்டித் தழுவினாலும், இவற்றின் அளவு மாறப்போவதில்லை. செய்த உதவியின் மதிப்பை, அதைப் பெற்றவரின் இன்றைய முகபாவத்தைக் கொண்டு அளக்கத் தொடங்கினால், நாளைக்கு அவர் சிரித்துப் பேசியவுடன் அந்த மதிப்பு திரும்பி வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டியிருக்கும். அப்படி ஏறி இறங்குவது உங்கள் மனவருத்தமே தவிர, நீங்கள் செய்த காரியம் அன்று.

உதவுவதால் உதவியவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றியும் ஓரளவு தெளிவான ஆய்வுகள் உள்ளன. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி பிரவுனும் உடன் பணியாற்றியவர்களும் வயது முதிர்ந்த 423 தம்பதியரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2003ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் கைகொடுத்து வந்தவர்களும், வாழ்க்கைத் துணைக்கு மனத்தளவில் ஆதரவாக இருந்தவர்களும், அந்த ஐந்து ஆண்டுகளில் இறந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. வயது, உடல்நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வேறுபாடு நீடித்தது. ஆனால், பிறரிடமிருந்து ஆதரவைப் பெற்றவர்களுக்கு, அந்தப் பெறுதலால் மட்டும் அத்தகைய நன்மை கிடைத்ததாகத் தெரியவில்லை. இது மனிதர்களைக் கவனித்துத் தொகுத்த ஆய்வுதானே தவிர ஆய்வுக்கூடச் சோதனை இல்லை. ஆகவே, உதவியதால்தான் ஆயுள் நீண்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கொடுப்பவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நம்புவதற்கு இது போதுமான காரணம் என்றே நான் கருதுகிறேன்.

பெரும்பாலோர் இந்த ஆய்வை எடுத்துச் சொல்லி, 'ஆகையால் பிறருக்கு உதவுங்கள்' என்று முடித்துவிடுவார்கள். உங்களுக்கு அந்த அறிவுரை தேவையில்லை. அதை நீங்கள் வாழ்ந்தே காட்டிவிட்டீர்கள். நீங்கள் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து படித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். கொடுப்பது இவ்வளவு நல்லது என்றால், தொடர்ந்து பெற்றுக்கொண்டே இருப்பவரும், திருப்பிக் கொடுக்க முயலும்போது தடுக்கப்படுபவரும், ஒரு நன்மையை இழந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? இரண்டு ஆண்டுகள் உங்கள் நண்பருக்கு எல்லாம் கிடைத்தது. கிடைக்காமல் போன ஒன்று, தானும் உங்களுக்கு ஒருவகையில் பயன்படுகிறோம் என்ற உணர்வு. அதை மீட்டுக்கொள்ள அவர் ஒரு தொகையோடு உங்கள் வீட்டு வாசல்வரை வந்தார். நீங்கள் பெருந்தன்மையோடு, உண்மையான அன்போடு, அவரைத் திருப்பி அனுப்பினீர்கள். விலகல் அதன் பிறகுதான் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பிறரிடம் உதவி பெறுவது ஒருவரின் மனத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதை ஜெஃப்ரி ஃபிஷர், ஆரி நாட்லர் முதலிய உளவியலாளர்கள் விரிவாகத் தொகுத்து 1982ஆம் ஆண்டில் எழுதினார்கள். உதவி என்பது பெறுபவருக்கு இரண்டு செய்திகளில் ஒன்றைச் சொல்லக்கூடும் என்பது அவர்கள் கருத்தின் சாரம். 'உன்மீது எங்களுக்கு அக்கறை இருக்கிறது' என்பது ஒன்று. 'உன்னால் உன்னைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை' என்பது இன்னொன்று. இரண்டாவது செய்தி மேலோங்கும்போது, பெறுபவரின் சுயமதிப்பு அடிபடுகிறது. உதவியையும், சில வேளைகளில் உதவியவரையும், அவர் மனம் தள்ளிவைக்கப் பார்க்கிறது. கொடுத்தவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு கொடுத்தார் என்பதால் மட்டும் இது தீர்மானிக்கப்படுவதில்லை.

இதோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பழைய சோதனையையும் சொல்கிறேன். கென்னத் கெர்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்கா, சுவீடன், ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் நடத்தி 1975ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. பணயம் வைத்து ஆடும் ஒரு விளையாட்டில் கையிருப்பை எல்லாம் இழந்து தோற்கும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவருக்கு, உடன் ஆடுபவர் ஒருவரிடமிருந்து ஆட்ட வில்லைகள் வந்து சேரும். சிலருக்கு வந்த குறிப்பில், திருப்பித் தர வேண்டியதே இல்லை என்று இருந்தது. சிலருக்கு, பெற்ற அளவைத் திருப்பித் தந்தால் போதும் என்று இருந்தது. மற்றவர்களுக்கு, பெற்றதற்கு மேலும் சேர்த்துத் தர வேண்டும் என்று இருந்தது. எதையும் கேட்காமல் கொடுத்தவரைத்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கும் என்று நாம் நினைப்போம். ஆட்டக்காரர்கள் அதிகம் விரும்பியதோ, கொடுத்த அளவை மட்டும் திருப்பிக் கேட்டவரை. கூடுதலாகக் கேட்டவரைப் பிடிக்காததில் வியப்பில்லை. ஒன்றுமே வேண்டாம் என்றவரும், கொடுத்த அளவை மட்டும் கேட்டவரைவிடக் குறைவாகவே விரும்பப்பட்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மூன்று நாடுகளும் பழக்கவழக்கங்களில் ஒன்றுக்கொன்று எவ்வளவோ வேறுபட்டவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் மனத்தில் இருப்பது இதுதான் என்று நான் உறுதி கூறவில்லை. அவரை நான் பார்த்ததில்லை. காரியம் முடிந்ததும் கைகழுவிவிடும் மனிதர்களும் உலகத்தில் உண்டு. உங்கள் நண்பர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்டவர் நிலைமை சீரானவுடன் பணத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்பது அரிது. அவர் வந்தார் என்பது, அவர் எதையும் மறக்கவில்லை என்பதற்கான சான்றாகவே எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய வாழ்வின் மிக மோசமான நாட்களை மிக அருகிலிருந்து பார்த்தவர் நீங்கள். கடன்காரர் முன்னால் அவர் தலைகுனிந்து நின்றபோது பக்கத்தில் இருந்தவர் நீங்கள்தான். உங்களைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும், அவர் மறக்க விரும்பும் அந்த நாட்களும் உடன் வந்து நிற்கக்கூடும். உங்கள் கடிதத்தில் அவருடைய மனைவியின் உடல்நிலை இப்போது எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த வீட்டில் துயரம் இன்னும் தீர்ந்திருக்காவிட்டால், விலகலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்காக உங்களைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. திருப்பித் தர வேண்டாம் என்று சொல்வதைப் பெருந்தன்மை என்றுதான் நாம் எல்லோரும் படித்து வளர்ந்திருக்கிறோம். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி ஒன்று உண்டு. யாரிடமும் எதற்கும் கை நீட்டியவன் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெருமையாக எழுதப்பட்ட வரி. அந்தப் பெருமைக்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆயினும் அடுத்த வரியிலேயே, அறுவை சிகிச்சையைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை என்றும், அதற்கு முந்திய வரியில், நண்பர் எட்டிப் பார்க்கவில்லை என்றும் இருக்கின்றன. சொல்லாத ஒன்றுக்கு அவர் வரவில்லை என்பதற்காக மூன்று மாதங்களாக வருந்திக்கொண்டிருக்கிறீர்கள். பிறர் வாயிலாக அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால், அவருக்குத் தெரிந்தது இரண்டு செய்திகள்: உங்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது என்பதும், அதை நீங்கள் அவரிடம் சொல்லத் தகுந்ததாகக் கருதவில்லை என்பதும். 30 ஆண்டு நண்பருக்கு இரண்டாவது செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எப்போதும் கொடுப்பவராகவே இருப்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு. அந்த இடத்தில் இருப்பவர் மறுக்கப்படுவதில்லை, ஏமாற்றம் அடைவதில்லை, தன் பலவீனத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆலோசனைக்கு வரும் பலரிடம் நான் இதைக் காண்கிறேன்: ஊருக்கே ஓடியோடிச் செய்பவர்கள், தங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது. இந்த அச்சம் பெரும்பாலும் மிகையானது. ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெஸா லேக் ஆகிய இருவரும் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் சென்று ஒரு வினாத்தாளை நிரப்பித் தரும்படி கேட்கவேண்டிய பணி சிலரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐந்து பேர் சம்மதிப்பதற்கு ஏறத்தாழ 20 பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். உண்மையில் 10 பேர் அளவில் கேட்டதுமே ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள். அறிமுகமில்லாதவர்களே நாம் எண்ணுவதைவிட இருமடங்கு இசைவோடு இருக்கிறார்கள் என்றால், உங்களுக்குக் கடமைப்பட்டிருப்பதாக உணரும் ஒரு பழைய நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, இப்போது செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், அவரிடம் ஏதேனும் ஓர் உதவி கேளுங்கள் என்பதே என் யோசனை. 'ஏன் என்னைத் தவிர்க்கிறாய்?' என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கேள்வி அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும், பழைய கணக்கு முழுவதும் மேசைமேல் வந்துவிடும். கேட்கும் உதவி உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவதாக இருக்க வேண்டும். அவருடைய மனத்தைத் தேற்றுவதற்காகக் கற்பித்த உதவி என்று தெரிந்தால், அதுவும் ஒரு பிச்சையாகத்தான் அவருக்குப் படும். சிகிச்சைக்குப் பிந்திய பரிசோதனைக்குப் போகும்போது துணைக்கு வரச் சொல்லலாம். அவருக்கு நன்கு தெரிந்த ஒரு துறையில் யோசனை கேட்கலாம். உங்களால் இப்போது தூக்க முடியாத, அலைய முடியாத ஒரு வேலையை அவரிடம் ஒப்படைக்கலாம். அவர் அதைச் செய்யும்போது, நீங்கள் செய்வதைவிட மெதுவாகவோ வேறு விதமாகவோ செய்தாலும் குறுக்கே போகாமல் இருங்கள். இதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். செய்து முடித்ததும் 'இதற்கெல்லாம் உன்னைச் சிரமப்படுத்திவிட்டேனே' என்று சொல்லி அவர் செய்ததைச் சிறிதாக்காமல், பயனாக இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி. அவர் மீண்டும் கொண்டுவந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். கொண்டுவரவில்லை என்றால், பேச்சு இயல்பான பிறகு ஒரு நாள் நீங்களே, 'அன்று நீ கொண்டுவந்ததை நான் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்; உனக்கு முடிகிறபோது, முடிகிற அளவில் கொடு' என்று சொல்லலாம். இதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். வேண்டாம் என்ற பிறகு கேட்பது கௌரவக் குறைவு என்று தோன்றும். இதில் நான் சற்று உறுதியாகவே சொல்கிறேன்: உங்களுக்குப் பணம் தேவையா இல்லையா என்பது இங்கே பொருட்டே இல்லை. அவருடைய நிலைமை அதற்கு இடம் தராது என்று தெரிந்தால் மட்டும் இந்தப் பேச்சைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொரு கோரிக்கையும் உண்டு. நீங்கள் செய்ததைப் பொதுவான நண்பர்களிடமோ உறவினர்களிடமோ சொல்லியிருந்தால், இனிச் சொல்ல வேண்டாம். நியால் போல்கரும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்காக, நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களையும் அவர்களின் துணைவர்களையும் நாள்தோறும் குறிப்பெழுதச் சொல்லி ஆராய்ந்தார்கள். துணைவர் ஆதரவளித்தும் தேர்வர் அதை உணராத நாட்களில் அவருடைய மனம் தெளிவாக இருந்தது. தனக்கு ஆதரவளிக்கப்படுகிறது என்று அவர் உணர்ந்த நாட்களிலோ சோர்வு கூடியது. ஆதரவு கண்ணில் படாமல் இருக்கும்போதே நன்றாக வேலை செய்கிறது என்றால், அதைப் பற்றி நாலு பேர் பேசும் நிலையில் அது என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் அவர் நெருங்கி வராமல் போகலாம். அப்போது அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு நட்பு முடிந்துபோனதன் துக்கம் உண்மையானது. அதை உதவியின் தோல்வியாகப் பெயர் மாற்றாமல் துக்கமாகவே அனுபவிப்பது நல்லது.

இனி யாருக்கும் எதுவும் செய்வதில்லை என்ற முடிவுக்கு வருகிறேன். அது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அது உங்களுக்கு ஒத்துவராது என்று சொல்வேன். நெட்டா வைன்ஸ்டீன், ரிச்சர்ட் ரயன் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வுகள், தானாக விரும்பிச் செய்த உதவி உதவியவருக்கும் பெற்றவருக்கும் மனநிறைவைத் தந்ததையும், கட்டாயத்தாலோ குற்றவுணர்வாலோ செய்த உதவியில் அது கிடைக்காததையும் காட்டின. ஆகவே நிறுத்த வேண்டியது உதவியை அன்று. மறுக்க முடியாமல் செய்யும் உதவியை. அடுத்த முறை யாராவது உங்களிடம் வரும்போது, 'இல்லை' என்று சொல்லும் சுதந்திரம் எனக்கு இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால், தாராளமாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். என்ன தேவை என்பதை நீங்களாகத் தீர்மானிக்காமல் அவரையே சொல்ல விடுங்கள்; எவ்வளவு, எதுவரை என்பதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டில் எழுந்த கேள்வியை நீங்கள் ஒரு குத்தலாக எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. அதில் குத்தலும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் நண்பரின் வீட்டில் செலவிட்ட நேரமும் பணமும் உங்கள் வீட்டிலிருந்து போனவை. அந்த முடிவை எடுக்கும்போது வீட்டாரைக் கேட்டீர்களா, அறிவித்தீர்களா, அதுவும் இல்லையா என்று கடிதத்தில் இல்லை. கேட்கப்படாமல் தியாகம் செய்ய வைக்கப்பட்டவர்களுக்கு, பெருமை முழுவதும் இன்னொருவருக்குப் போவதைப் பார்ப்பது எளிதன்று. அவர்கள் என்னென்ன விட்டுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது நியாயம் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அறுவை சிகிச்சையின்போது உங்களைப் பார்த்துக்கொண்டவர்களும் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கவனிப்பை நீங்கள் உதவி என்று எண்ணிப் பார்த்ததில்லை. கை நீட்டியதே இல்லை என்று எழுதும்போது அவர்கள் உங்கள் நினைவுக்கு வரவில்லை.

கடைசியாக, உடல்நிலை தொடர்பான ஒரு குறிப்பு. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களோ மாதங்களோ மனம் சோர்ந்திருப்பது பலருக்கும் நேர்வது. எதிலும் பொருளில்லை என்ற எண்ணம் அந்தச் சோர்விலிருந்தும் வரக்கூடும். தூக்கம் கெடுவது, பசி குறைவது, முன்பு பிடித்தவற்றில் ஈடுபாடு போய்விடுவது போன்றவை இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால், உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் அதையும் வெளிப்படையாகச் சொல்லி, தேவைப்பட்டால் மனநல மருத்துவர் ஒருவரைப் பரிந்துரைக்கும்படி கேளுங்கள்.